எரிபொருள் குழாயின் அலை: அடக்குவதா, கணக்கிடுவதா?

ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் எங்கே போகும்? இந்தக் கேள்வியை எஞ்சின்காரர்களுக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் நகரக் குடிநீர்க் குழாய்களைப் பராமரித்தவர்கள். வால்வை வேகமாக மூடினால் குழாய் வெடிக்கிறது. ஏன் என்பதற்கு மாஸ்கோ நீர்வழங்கு நிலையத்தில் சோதனைகள் நடத்தி, 1898-இல் விடை சொன்னார் நிக்கொலாய் ஷுகோவ்ஸ்கி. திரவத்தின் அடர்த்தி, அதற்குள் ஒலி செல்லும் வேகம், ஓட்டத்தில் ஏற்பட்ட வேகமாற்றம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் எவ்வளவு எகிறும் என்பது தெரிந்துவிடும். எகிறிய அழுத்தம் வால்வருகே தங்கிவிடுவதில்லை. குழாய் நெடுக அலையாக ஓடி, மறுமுனையில் மோதித் திரும்புகிறது.

வாகன எஞ்சினின் எரிபொருள் அமைப்பில் இன்ஜெக்டர் என்பது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை, சில நேரம் ஆயிரக்கணக்கான முறை, திறந்து மூடும் வால்வு. ஒவ்வொரு மூடலும் ஓர் அலையை எழுப்புகிறது. பம்பின் பிஸ்டன் தள்ளும் ஒவ்வொரு தள்ளலும் இன்னோர் அலை. இந்த அலைகளைக் குறைக்க எங்கே கை வைப்பது? பிறக்கும் இடத்திலா, போகும் வழியிலா, போய்ச் சேரும் இன்ஜெக்டர் வாயிலா? அல்லது அலையை அதன் போக்கில் விட்டு, பீச்சும் அளவைக் கணக்கால் திருத்திக்கொள்வதா? நூறாண்டுகளாக இந்த நான்கு விடைகளும் மாறி மாறி முன்னுக்கு வந்திருக்கின்றன. எதுவும் மற்றவற்றை முற்றாக வெளியேற்றிவிடவில்லை.

அலையின் அளவு

சிறிய கணக்கு ஒன்று போதும். பெட்ரோலின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 740 கிலோ என்றும், அதில் ஒலிவேகத்தை விநாடிக்கு 1,150 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். திறந்திருக்கும் ஓர் இன்ஜெக்டர் விநாடிக்கு 4 கன சென்டிமீட்டர் பெட்ரோல் பீச்சுகிறது. அது 8 மி.மீ. உள்விட்டமுள்ள எஃகுக் குழாயின் முனையில் இருக்கிறது. குழாய்க்குள் பெட்ரோல் விநாடிக்கு 8 சென்டிமீட்டர் என்ற ஆமை வேகத்தில்தான் நகர்கிறது. ஆனாலும் இன்ஜெக்டர் சட்டென்று மூடினால் எழும் அழுத்தம் ஏறத்தாழ 0.7 பார். இன்டேக் வழியில் பீச்சும் பெட்ரோல் அமைப்பின் மொத்த அழுத்தமே 3 பார் அளவில்தான் இருக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பீச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அலையின் முகடு நிற்கும் நேரத்தில் அடுத்த இன்ஜெக்டர் திறந்தால் அதற்குச் சுமார் 10 சதவீதம் கூடுதலாகவும், பள்ளத்தில் திறந்தால் அதே அளவுக்குக் குறைவாகவும் எரிபொருள் கிடைக்கும்.

நடைமுறையில் வீச்சு இதைவிடக் குறைவு. இன்ஜெக்டர் மூட ஒரு மில்லி விநாடி அளவில் நேரம் பிடிக்கிறது. அதற்குள் குட்டையான குழாயில் அலை போய்த் திரும்பி, எழும் அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தானே அழித்துவிடுகிறது. குழாயின் சுவர் நெகிழ்ந்தால் ஒலிவேகம் குறையும். நைலான் குழாயில் இந்தக் குறைவு கணிசமானது.

எதற்காக அடக்குகிறோம்?

இந்தத் துறையின் பல விவாதங்கள் தீராமல் இழுபடுவதற்குக் காரணம், வாதிடுபவர்கள் வெவ்வேறு பொருள்களை அளப்பதுதான் என்று கருத இடமிருக்கிறது. பீச்சும் அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது புகை அளவைக்குப் பொறுப்பானவரின் கவலை. இன்ஜெக்டர் வாயில் அந்தக் கணத்தில் நிலவும் அழுத்தம் ஒன்றுதான் அவருக்கு முக்கியம். காருக்குள் கேட்கும் 'டக் டக்' ஓசையைக் குறைக்க முயல்பவரோ வண்டியின் அடியில் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் வழியாக அதிர்வு உடற்கூட்டுக்குத் தாவுவதைப் பார்க்கிறார். குழாய், வெல்டிங், சென்சார் ஆகியவற்றின் ஆயுளைக் கணக்கிடுபவருக்கு வீச்சின் உச்சமும் அது எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதும் வேண்டும். ஒருவருக்கு நல்ல தீர்வாக இருப்பது மற்றவருக்குத் தொல்லையாகலாம். 'துடிப்பு பாதியாகக் குறைந்தது' என்று ஓர் ஆய்வு சொன்னால், எந்த இடத்தில், எந்த அதிர்வெண்ணில், யாருடைய அளவுகோலில் என்று கேட்காமல் அதை ஏற்க முடியாது.

பழைய டீசல் பம்ப்: வால்வில் தேடிய விடை

பாஷ் நிறுவனம் 1927-இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பிளஞ்சர், தனிக் குழாய், தனி நாசில். பீச்சல் முடிந்ததும் நாசில் ஊசி அடைக்கிறது. அங்கே எழும் அலை பம்ப் வரை போய், பிரதிபலித்துத் திரும்பி, ஊசியை மறுபடி தூக்கிவிடுகிறது. வேண்டாத இந்த இரண்டாம் பீச்சலில் எரிபொருள் சரியாகச் சிதறாமல் சொட்டாக விழுந்து கரும்புகையாகிறது.

இதற்குக் கண்ட மருந்து டெலிவரி வால்வு. வால்வு தன் இருக்கையில் அமரும்போது அதன் கழுத்திலுள்ள சிறு பிஸ்டன் குழாயிலிருந்து கொஞ்சம் எரிபொருளைப் பின்னிழுத்து, அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். எளிமையும் உறுதியும் சேர்ந்த உத்தி இது. ஆனால் எவ்வளவு பின்னிழுப்பது என்பதில்தான் சிக்கல். இழுக்கும் அளவு நிலையானது. எஞ்சினின் வேகமும் சுமையுமோ மாறிக்கொண்டே இருக்கின்றன. முழுச் சுமைக்குப் பொருந்திய அளவு குறைந்த சுமையில் மிகையாகி, குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். அவை உடையும்போது எஃகின் உட்சுவரே அரிக்கப்படும். பின்னாளில் வந்த ரிட்டர்ன் ஒடுக்குத்துளையும், குழாயில் எஞ்சும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் மாறா அழுத்த வால்வும் இந்தக் குறையை ஈடுகட்டப் பிறந்தவை. எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே நீளத்தில் குழாய் அமைப்பதும் இந்தக் காலத்து ஒழுங்குதான். பக்கத்திலிருக்கும் சிலிண்டருக்குப் போகும் குழாய் வீணாகச் சுற்றி வளைந்து செல்வதைப் பழைய லாரி எஞ்சின்களில் இன்றும் காணலாம். அங்கே அலை அடங்கியிருக்காது. எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே மாதிரி வந்து சேரும், அவ்வளவுதான்.

குழாயால்தானே தொல்லை, குழாயே வேண்டாம் என்றவர்களும் உண்டு. பம்பையும் நாசிலையும் ஒரே உடலாக்கிய யூனிட் இன்ஜெக்டர் 1930-களின் இறுதியிலேயே அமெரிக்காவின் டெட்ராய்ட் டீசல் எஞ்சின்களில் இடம்பெற்றது. ஃபோக்ஸ்வாகன் 1998-இல் அதே கொள்கையைக் கார்களுக்குக் கொண்டுவந்து 2,000 பாரைத் தொட்டது. அலைப் பிரச்சினைக்கு இதைவிட நேரான விடை இல்லை. ஆனால் கேம் எப்போது தள்ளுகிறதோ அப்போதுதான் பீச்ச முடியும் என்ற கட்டாயம் அதோடு ஒட்டி வந்தது. ஒரே சுழற்சியில் பலமுறை பிரித்துப் பீச்ச வேண்டும் என்று புகை விதிகள் நெருக்கியபோது அந்தக் கட்டாயம் தாங்கவில்லை. பத்தாண்டுக்குள் அந்நிறுவனமும், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான சேமிப்புக் குழல் கொண்ட காமன் ரெயிலுக்கு மாறியது.

பெட்ரோலில்: டேம்பரும் நெகிழும் ரெயிலும்

மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் பெட்ரோல் பீச்சு 1967-இல் பாஷின் டி-ஜெட்ரானிக் வழியே ஃபோக்ஸ்வாகன் 1600-இல் பரவலான உற்பத்திக்கு வந்தது. அந்த வழிவந்த அமைப்புகளில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் குழலான ரெயிலின் முனையில் அழுத்த ரெகுலேட்டரும், அதைத் தாண்டி டேங்குக்குத் திரும்பும் குழாயும் இருந்தன. ரெகுலேட்டருக்குள் இருந்த ரப்பர்த் துணி டயஃப்ரமும் ஸ்பிரிங்கும் துடிப்பில் கணிசமான பகுதியைத் தாமே உறிஞ்சிக்கொண்டன. போதாத இடங்களில் அதே வடிவில் தனி டேம்பர் பொருத்தினார்கள்.

பிறகு திரும்பு குழாயை நீக்கும் போக்கு வந்தது. சூடான ரெயிலிலிருந்து பெட்ரோல் டேங்குக்குத் திரும்பினால் அங்கே ஆவி பெருகும். ஆவி உமிழ்வுக்கு விதிகள் இறுகிவந்ததால் ரெகுலேட்டரை டேங்குக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ரெயிலுக்குப் பக்கத்திலிருந்த துடிப்புத் தணிப்பானும் அதோடு போய்விட்டது. அலைத் தொல்லை திரும்பி வந்தது இப்படித்தான்.

கணக்கு இங்கேயும் உதவும். டேங்கிலிருந்து ரெயில் வரை 3 மீட்டர் எஃகுக் குழாய். டேங்கு முனையில் ரெகுலேட்டர் அழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. ரெயில் முனை ஏறக்குறைய அடைபட்டது. இத்தகைய குழாயின் முதல் ஒத்ததிர்வு 96 ஹெர்ட்ஸ் அளவில் விழும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை பீச்சுவதால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றில் எஞ்சின் ஓடும்போது இந்த ஒத்ததிர்வு தூண்டப்படும். நெடுஞ்சாலையில் கார் அன்றாடம் ஓடும் வேகம் அது. ரெயிலில் நெகிழ்வைக் கூட்டினால் ஒத்ததிர்வு கீழே இறங்கும். ஐடிலில் பீச்சல் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே தள்ளிவிட்டால் எஞ்சின் ஓடும் வேகங்கள் எதிலும் அது தூண்டப்படாது. டேம்பர் அலையின் ஆற்றலை விழுங்குகிறது என்பதைவிட, அலையை எஞ்சினின் பாதையிலிருந்து விலக்கிவைக்கிறது என்று சொல்வதே பெரும்பாலும் சரி.

நெகிழ்வை எங்கே வைப்பது என்பதில் இரண்டு பள்ளிகள். டயஃப்ரம் டேம்பரைத் தனியாகப் பொருத்துவது ஒன்று. சிறியது, சரியாகச் சுருதி கூட்டலாம், பழுதானால் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் கசிவுக்கு ஒரு வாய்ப்பு. ரப்பரும் காலப்போக்கில் இறுகும். மற்றொன்று ரெயிலையே நெகிழச் செய்வது. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டால் தட்டையான முகங்கள் வைத்து ரெயிலைச் செய்தால், அழுத்தம் ஏறும்போது முகம் உப்பி இடங்கொடுக்கும். தனி உறுப்பு இல்லை, கூடுதல் இணைப்பும் இல்லை. ஆனால் உப்பித் தணியும் முகம் ஓசையை வெளியே பரப்புகிறது. விளிம்பில் உலோகம் களைக்கிறது. அழுத்தம் கூடக்கூடத் தகட்டைத் தடிமனாக்க வேண்டியிருப்பதால், நெகிழ்வும் போய்விடுகிறது. குறைந்த அழுத்தமுள்ள அமைப்புக்கு இரண்டாவது பள்ளி கூடுதல் நேர்த்தியானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதன் எல்லையும் அங்கேயே முடிகிறது.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் இருசக்கர வாகனங்களிலும் எரிபொருள் பீச்சு பரவியது. அங்கே பெரும்பாலும் ஒரே சிலிண்டர், குட்டையான ரப்பர்க் குழாய். குழாயே டேம்பர் வேலையைப் பார்த்துவிடுகிறது.

சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் அமைப்பில் நிலைமை வேறு. மிட்சுபிஷி 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நேரடி பீச்சு பெட்ரோல் எஞ்சினில் அழுத்தம் 50 பார் அளவில் இருந்தது. இன்று 350 பார் சாதாரணம். இவற்றில் தொல்லை உயர் அழுத்தப் பக்கத்தோடு நிற்பதில்லை, தாழ் அழுத்தப் பக்கத்திலும் இருக்கிறது. உயர் அழுத்தப் பம்பின் பிஸ்டன், தேவைக்கு மேல் உறிஞ்சிய பெட்ரோலைத் தாழ் அழுத்தக் குழாய்க்கே திருப்பித் தள்ளுகிறது. நான்கு முகடுள்ள கேம் என்றால், எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது இந்தத் தள்ளல் விநாடிக்கு 200 முறை நடக்கும். இதற்காகப் பம்பின் தலைக்குள் வைக்கப்படுவது நாணயத்தை விடச் சற்றுப் பெரிய உலோகச் சிமிழ்: அலைவடிவில் அழுத்திய இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள், விளிம்பில் வெல்டிங், உள்ளே வாயு. எரிபொருள் சூடானாலும் இது இறுகாது. ஆனால் விளிம்பு வெல்டிங் பிளந்து வாயு வெளியேறினால், டேம்பர் இருந்த இடத்தில் தணிக்கும் திறனற்ற இரும்புத் துண்டுதான் மிஞ்சும்.

காமன் ரெயில்: பெரிய கொள்ளளவு போதுமா?

சுவிட்சர்லாந்தின் ராபர்ட் ஹூபர் 1960-களில் முன்மாதிரி செய்த காமன் ரெயிலை 1995-இல் ஜப்பானில் டென்சோ லாரிகளுக்குக் கொண்டுவந்தது. ஃபியட் ஆய்வகங்கள் வளர்த்து, பாஷ் உற்பத்திக்கு எடுத்துச்சென்ற அமைப்பு 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-இல் 1,350 பாரில் அறிமுகமானது. இதற்கு அடிப்படையான நம்பிக்கை எளிது: எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரு சேமிப்புக் குழல் இருந்தால், அதன் கொள்ளளவே துடிப்பை விழுங்கிவிடும்.

பாதி உண்மை. 1,500 பாரில் 30 கன சென்டிமீட்டர் ரெயிலிலிருந்து 50 கன மில்லிமீட்டர் எடுத்தால் ரெயில் அழுத்தம் ஏறத்தாழ 45 பார் இறங்கும். கொள்ளளவை இரட்டித்தால் இறக்கம் பாதியாகும். ஆனால் ரெயிலை 300 பாரிலிருந்து 1,500 பாருக்கு ஏற்றப் பம்ப் கூடுதலாகத் திணிக்க வேண்டிய எரிபொருளும் இரட்டிப்பாகும். ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மந்தம்.

இதைவிட ஆழமான குறை வேறு. ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையிலுள்ள 20, 30 சென்டிமீட்டர் குழாயில் அலை தனியாக ஆடுகிறது. இன்ஜெக்டர் முனை அடைபட்டது, ரெயில் முனை திறந்தது. ரெயில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தெளிவான திறந்த முனையாகி, அலையைத் தலைகீழாக்கி முழுமையாகத் திருப்பி அனுப்புகிறது. இன்ஜெக்டரின் உட்குழல்களையும் சேர்த்தால் இந்த ஆட்டம் 1,000 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை. முன்னதாகச் சிறிதளவு பீச்சும் பைலட் பீச்சல் முடிந்து முதன்மைப் பீச்சல் தொடங்கும் இடைவெளியை அரை மில்லி விநாடி மாற்றினால், முகட்டில் திறந்த ஊசி பள்ளத்தில் திறக்கும். ரெயிலில் பொருத்திய சென்சாரோ எல்லாம் அமைதி என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

டூரின் பாலிடெக்னிக்கில் கடானியா, ஃபெராரி ஆகியோர் நடத்திய ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. ரெயிலின் கொள்ளளவு பலர் எண்ணிய அளவுக்கு இன்றியமையாததல்ல என்று அவர்கள் காட்டினார்கள். பம்பிலிருந்தே இன்ஜெக்டர்களுக்கு நேராகக் குழாய் போகும் ரெயிலற்ற அமைப்பைச் செய்து, அதன் பீச்சுத் திறனையும் மதிப்பிட்டார்கள். 'பெரிய ரெயில் பாதுகாப்பு' என்ற வழக்கமான எண்ணத்தை இது அசைத்தது. இதற்கு எதிர்த்திசையில் கப்பல், ரயில் எஞ்சின்காரர்கள் போனார்கள். நீளமான எஞ்சினில் ஒரே ரெயில் நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால் சேமிப்புக் கொள்ளளவைப் பிரித்து, ஒவ்வொரு இன்ஜெக்டருக்குள்ளும் வைத்தார்கள். எதிரெதிராகத் தெரியும் இந்த இரு வழிகளும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன: கொள்ளளவு எவ்வளவு என்பதைவிட ஊசிக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதே பீச்சலுக்கு முக்கியம்.

ஒடுக்குத்துளையின் வரம்பு

கொள்ளளவு அலையைத் திருப்பி அனுப்புகிறது. தின்பது ஒடுக்குத்துளை. ரெயிலிலிருந்து குழாய் பிரியும் இடத்தில் சிறு துளை வைத்தால், அதன் வழியே நெருக்கித் தள்ளப்படும் எரிபொருள் சுழன்று அலையின் ஆற்றலை வெப்பமாக்கும். துளையின் தடை குழாயின் அலைத்தடைக்கு இணையாக இருந்தால் பிரதிபலிப்பே எழாது என்பது கோட்பாடு. குழாயின் அலைத்தடை மாறாதது. துளையின் தடையோ ஓட்டத்துக்கேற்ப ஏறும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வீச்சுக்குத்தான் இணைப்பு சரியாக அமையும். சிற்றலைக்குத் துளை இருப்பதே தெரியாது, பேரலைக்கு அது சுவராக நிற்கும். முழுச் சுமையில் ஊசிக்குப் போகும் எரிபொருளையும் அதே துளை நெரிக்கிறது. இத்தனை குறையிருந்தும் பெட்ரோல் நேரடி பீச்சிலும் டீசலிலும் இதுவே அதிகம் கையாளப்படுவதற்குக் காரணம் உண்டு. தேயும் பகுதி இல்லை, கசியும் இணைப்பு இல்லை, செலவு ஒரு துளையிடும் வேலை மட்டும். பக்கக் கிளையாக வைக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் குழிகள் கணினி உருவகங்களில் அழகாக வேலை செய்கின்றன. ஆனால் அவை குறுகிய ஓர் அதிர்வெண் பட்டையையே அடக்குபவை. எஞ்சின் வேகமும் ஒலிவேகமும் மாறும் இடத்தில் அவற்றின் பயன் சுருங்கிவிடுகிறது.

கணக்கிட்டுத் திருத்துவது

அலை வரப்போகும் நேரமும் உயரமும் தெரிந்தால் அதை ஏன் அடக்க வேண்டும்? ஊசி திறந்திருக்கும் நேரத்தைச் சில மைக்ரோ விநாடி கூட்டிக் குறைத்தால் போதுமே. இன்றைய டீசல் கட்டுப்பாட்டுக் கணினிகளில் உள்ள அழுத்த அலைத் திருத்தத்தின் தர்க்கம் இதுதான். ரெயில் அழுத்தம், எரிபொருள் வெப்பம், முந்தைய பீச்சலின் அளவு, இடைவெளி ஆகியவற்றுக்கேற்ற திருத்தங்கள் முன்கூட்டியே சோதனைப் பெஞ்சில் அளந்து சேமிக்கப்படுகின்றன. எந்த உறுப்பும் கூடவில்லை, எந்த அழுத்தமும் வீணாகவில்லை. கவர்ச்சியான விடைதான்.

ஆனால் அது ஒலிவேகத்தை நம்பி நிற்கிறது. சாதாரண அழுத்தத்தில் டீசலின் ஒலிவேகம் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் விநாடிக்கு 3 முதல் 4 மீட்டர் வரை குறைகிறது. 60 டிகிரி வேறுபாட்டுக்கு 15 சதவீதம் அளவில் மாறும். ஒரு மில்லி விநாடி ஆட்டம் இரண்டு சுற்று முடிப்பதற்குள் கணக்கு 0.3 மில்லி விநாடி பிசகினால், முகடு என்று நினைத்த இடத்தில் முகடு இருக்காது. வெப்ப சென்சாரோ பெரும்பாலும் பம்பின் பக்கம் இருக்கிறது, அலை ஆடும் குழாயில் இல்லை. ஒரே சுழற்சியில் ஐந்து பீச்சல் என்றால் பிழை அடுத்தடுத்துக் கூடும்.

இதற்கு விடையாக, இன்ஜெக்டருக்குள்ளேயே அழுத்த சென்சார் வைத்தது டென்சோ. இந்த அமைப்பு 2013-இல் வால்வோவின் புதிய டீசல் எஞ்சினில் 2,500 பார் அழுத்தத்தோடு வந்தது. அலையை ஊகிக்காமல் அது நிற்கும் இடத்திலேயே அளப்பதால், வாதத்தின் தளத்தையே இது மாற்றியது. விலையும், அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் சென்சார் ஆண்டுக்கணக்கில் பிசகாமல் இருக்குமா என்பதும் இதற்கெதிரான நியாயமான கேள்விகள்.

எரிபொருளே மாறும்போது

இதுவரை சொன்ன விடைகள் பெரும்பாலும் எரிபொருளை மாறாத ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாட், வான் ஜெர்பன் ஆகியோர் பயோடீசலின் ஒலிவேகத்தையும் பருமக் குணகத்தையும் அளந்தபோது இரண்டுமே டீசலைவிடக் கூடுதலாக இருந்தன. பழைய இன்லைன் பம்பில் அழுத்த அலை நாசிலை முன்னதாகவே அடைந்து பீச்சலும் முந்தும். பயோடீசலில் நைட்ரஜன் ஆக்சைடு கூடுவதற்கு இதுவே காரணம் என்றொரு விளக்கம் நெடுநாள் நிலவியது. காமன் ரெயிலில் பீச்சு நேரத்தை மின்சாரம் தீர்மானிக்கிறது, ஆனாலும் சில சோதனைகளில் உயர்வு தொடர்கிறது. ஆகவே அந்த விளக்கம் முழுமையானதல்ல.

எத்தனாலில் நிலைமை வேறு. அதன் ஒலிவேகம் பெட்ரோலுக்கு நெருக்கமானதுதான். ஆனால் கன அளவில் ஆற்றல் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், 20 சதவீதக் கலப்பில் அதே வேலைக்கு ஆறேழு சதவீதம் கூடுதலாகப் பீச்ச வேண்டும். ஓட்டம் கூடினால் அலையின் வீச்சும் கூடும் என்பது ஷுகோவ்ஸ்கியின் பெருக்கலிலேயே இருக்கிறது. டேம்பரின் ரப்பர் எத்தனாலில் எப்படி ஊறுகிறது என்பது அதனினும் பெரிய கேள்வி. 2025-இல் 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்ட இந்தியாவில், அதற்கு முன் வடிவமைத்த வண்டிகள் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றின் தணிப்பான்கள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதை முறையாக அளக்க வேண்டும்.

திறந்திருப்பவை

ஊசிக்கு அருகில் சிறு கொள்ளளவு, அதன் நுழைவில் அளவான ஒடுக்குத்துளை, எஞ்சியதற்குக் கணக்குத் திருத்தம் என்ற கூட்டு இன்றைய நிலையில் மிக வலுவானதாகத் தோன்றுகிறது. திருத்தத்தை மட்டும் நம்பி இயல்பான தணிப்பைக் குறைப்பது எரிபொருள் நிலையாக இருக்கும் சந்தையில் செல்லுபடியாகலாம். கலப்பு மாநிலத்துக்கு மாநிலம், பருவத்துக்குப் பருவம் மாறும் இடத்தில் அது துணிச்சலான முடிவு.

முடிவாகாதவை பல. தணிப்பானின் மூப்பு அவற்றில் முதலாவது. பெரும்பாலான ஆய்வுகள் புதிய உறுப்பை ஆய்வகத்தில் அளக்கின்றன. பத்தாண்டு ஓடிய டயஃப்ரமோ, வாயு இழந்த உலோகச் சிமிழோ பீச்சும் அளவை எவ்வளவு திரித்துவிடுகிறது, அந்தத் திரிபை வண்டியின் கணினியால் தானே கண்டுகொள்ள முடியுமா என்பதற்கு உறுதியான விடை இல்லை. இன்ஜெக்டருக்குள் உள்ள சென்சார், ஒவ்வொரு பீச்சலுக்குப் பின்னும் எழும் ஆட்டத்தின் அதிர்வெண்ணிலிருந்தே ஒலிவேகத்தையும், அதன்வழி எரிபொருளின் தன்மையையும் கண்டுபிடிக்கலாம் என்ற யோசனை ஈர்ப்பானது. வெப்பத்தால் வந்த மாற்றத்தையும் கலப்பால் வந்த மாற்றத்தையும் அது எப்படிப் பிரித்தறியும் என்பது இன்னும் தீரவில்லை. ஹைட்ரஜன் எஞ்சினிலோ கேள்வி வேறு உருவெடுக்கிறது. அறை வெப்பத்தில் ஹைட்ரஜனில் ஒலிவேகம் விநாடிக்குச் சுமார் 1,300 மீட்டர், கிட்டத்தட்ட டீசலுக்கு இணை. அடர்த்தியோ மிகச் சொற்பம். ஆகவே மூடலால் எழும் அழுத்த ஏற்றம் சிறிது. ஆனால் பீச்ச வேண்டிய கன அளவு பெரிது, திரவத்தின் பாகுநிலை தந்த தணிப்பும் அங்கே இல்லை. திரவத்துக்காக நூறாண்டு சேர்த்த உத்திகளில் எவை அந்தக் குழாயில் பயன்படும் என்பதைச் சோதனைப் பெஞ்சுகள்தான் இனி சொல்ல வேண்டும்.